நாய் படாத பாடு

தை மாதத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று. எனக்கும் மகனுக்கும் சேர்த்து ஒரே இலை போதும் என்று சொல்லியும் பந்தியில் இரண்டு இலை போட்டுவிட்டார்கள். மகனுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. ரசம் சாதத்தைக் கரைத்து, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, மிளகு அகப்படுகிறதா என்று ஒவ்வொரு வாயாகத் துழாவிப் பார்த்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து இலையில் பெரியம்மா முறை ஆகிற ஒருவர். "வேலைய உட்டுட்டியாமா கண்ணு? நல்லதாப் போச்சு போ. பையன்கூடவே இருக்கலாம். அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்குக் கெடைக்குது?" என்றார். "ஆமாங்க பெரியம்மா, ரொம்ப சந்தோசமா இருக்குதுங்க" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் என் இலையைக் காணோம். மகன் சாப்பிட்டு முடித்திருந்தான். பந்தி முடிந்தது என்று நினைத்து, அவன் இலையோடு என் இலையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வாய்கூட எடுத்து வைக்காத இலை. ஓரத்தில் பாயசம் இருந்தது.

பாயசம் போனதுகூடப் பெரிதில்லை. அன்று இரவு படுத்த பிறகு அந்தப் பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. யாரும் என்னை மிரட்டிக் கேட்கவில்லை. பெரியம்மாவும் ஏதோ பேச்சுக்குக் கேட்டதுதான். இருந்தும் இவ்வளவு சரளமாக, கொஞ்சம்கூடத் தடுக்காமல், அந்தப் பொய் எங்கிருந்து வந்தது?

நாலு நாள் கழித்து 'நைட்பிட்ச்' பார்க்க உட்கார்ந்தேன். காதில் இயர்போன், கையில் போன், பக்கத்தில் தூங்கும் பிள்ளை. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான படம்தான்; முடிக்க எனக்கு மூன்று இரவு ஆயிற்று. ஆனால் முதல் காட்சியிலேயே நிறுத்திவிட்டேன். சூப்பர் மார்க்கெட். கதாநாயகி எமி ஆடம்ஸ் தள்ளுவண்டியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு நிற்கிறாள். முன்பு வேலை பார்த்த ஆர்ட் கேலரியில் இப்போது இவளுடைய இடத்தில் இருக்கும் பெண் எதிரே வருகிறாள். பளிச்சென்று இருக்கிறாள். நாள் முழுக்கப் பிள்ளையோடு வீட்டில் இருப்பது பிடித்திருக்கிறதா என்று கேட்கிறாள். அவ்வளவுதான், இவள் கொட்டித் தீர்க்கிறாள். இனி எந்தக் காலத்திலும் தனக்குப் புத்தியோ சந்தோஷமோ திரும்பி வராதோ என்கிற பயத்தில் ஆரம்பித்து, மூச்சு விடாமல், ஒரு பெரிய பேச்சு. பிறகு சட்டென்று பழைய இடத்துக்கே காட்சி திரும்புகிறது. அந்தப் பெண் இன்னும் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள். இவள் சிரித்துக்கொண்டே, ஆமாம், ரொம்பப் பிடித்திருக்கிறது என்கிறாள்.

பேய்ப் படத்தில் கதவு தானாகத் திறந்துகொள்ளும்போது ஒரு சில்லிப்பு வருமே, எனக்கு அது அந்த இடத்தில் வந்தது.

கதையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு ஒரு வரி போதும்: கலைஞராக இருந்து வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையை வளர்க்கும் ஒருத்தி, தான் நாயாக மாறிக்கொண்டிருப்பதாக உணர்கிறாள். ரேச்சல் யோடர் 2021-இல் எழுதிய நாவல். மாரியெல் ஹெல்லர் இயக்கி 2024 டிசம்பரில் தியேட்டருக்கு வந்தது. தலைப்பில் வருகிற 'பிட்ச்' என்றால் பெட்டை நாய்; ஆங்கிலத்தில் பெண்களைத் திட்டுகிற வசவும் அதுதான். அதைத் தமிழில் பெயர்க்க நான் ரொம்ப மெனக்கெட்டுப் பார்த்தேன். பிறகுதான் தோன்றியது, நம் வீடுகளில் அம்மாக்கள் நாள்தோறும் சொல்கிற வாக்கியமே இந்தப் படத்தின் கதை என்று. "நாய் படாத பாடு படறேன்." நாய்கூடப் படாத பாடு. அப்படியென்றால் நாயாகிவிட்டால் ஒரு படி மேல்தானே? அந்தக் கணக்கைத்தான் இந்தப் படம் ஒழுங்காகப் போட்டுப் பார்த்திருக்கிறது.

பயமே இல்லையே

படம் முடிந்ததும் என் தோழிக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினேன். "ஆரம்பம் அமர்க்களம், அப்புறம் புஸ்ஸுன்னு போச்சு. கடிக்கக்கூட இல்ல." இரண்டு வாரம் அதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். திகில் படம் என்று சொல்லிவிட்டு ஒரு பூனையைத் தவிர யாருக்கும் எதுவும் ஆகவில்லை. (பூனைக்கு ஆகிறது. பூனைப் பிரியர்கள் தயாராக உட்காரவும்.) உருமாற்றமே சின்னதாக இருக்கிறது. 1981-இல் வந்த 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில் ரிக் பேக்கர் ஒரு மனிதனை ஓநாயாக்குவாரே, கை நீண்டு, முதுகெலும்பு புடைத்து, நல்ல வெளிச்சத்தில், அலறலோடு. ஒப்பனைக்கென்று ஆஸ்கரில் தனிப் பரிசு ஏற்பட்டதும் முதல் பரிசு அவருக்குத்தான் போயிற்று. அதைப் பார்த்த கண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது? முகவாயில் இரண்டு முடி. முதுகின் அடியில் ஒரு கொத்து ரோமம். மோப்பம் கூர்மையாகிறது. பிறகு ஒரு கட்டி.

அந்தக் கட்டியை மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஒரு வீக்கம். குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, அவள் அதைக் குத்தி உடைக்கிறாள். சீழ் வருகிறது. அதற்கு உள்ளேயிருந்து முடி முடியாக வால். இதில் பயமுறுத்துவதற்கான இசையோ மின்னல் வெட்டோ பெரிதாக இல்லை. பிரசவமான எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த ஒரு நிலைதான் அது: கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, வெளியே பிள்ளை கதவைத் தட்ட, தன் உடம்பில் புதிதாக எது முளைத்திருக்கிறது, எது கொட்டிப்போயிருக்கிறது என்று கண்ணாடியில் தேடுவது. எனக்கு ஆறாவது மாதத்தில் முன்நெற்றி முடி கொத்துக்கொத்தாகப் போனது. அம்மா, "பாலு குடுக்கறதுல, எல்லாருக்கும் போறதுதான்" என்று முடித்துவிட்டார். எல்லாருக்கும் போவதுதான். அந்தச் சொல்லில் ஒரு ஆறுதலும் இருக்கிறது, வாயை அடைக்கிற ஒரு உள்ளங்கையும் இருக்கிறது.

எமி ஆடம்ஸ் இந்த வேடத்துக்குச் செய்திருப்பது சாதாரண விஷயமில்லை. ஆறு முறை ஆஸ்கருக்குப் பெயர் போய் ஆறு முறையும் கிடைக்காமல் போனவர். இந்தப் படத்துக்கு கோல்டன் குளோப் வரைக்கும்தான் பெயர் போனது. ஒரே சட்டையில் நாள் முழுக்க, ஒப்பனை இல்லாத முகத்தோடு, வாணலியில் ஹாஷ் பிரவுனை, அதாவது வறுத்த உருளைக்கிழங்குத் துருவலை, திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த நாள் மறுபடி ஹாஷ் பிரவுன். அடுத்த நாளும். வெட்டி வெட்டிக் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் அது தோசை. முறுகலாகக் கேட்பான், முறுகலாகத் தந்தால் குத்துகிறது என்பான், மெத்தென்று ஊற்றினால் இது ஊத்தப்பம் என்பான். அவனுடைய மிச்சத்தை அடுப்படியில் நின்றுகொண்டே தின்றுவிட்டு, "காலையில என்ன சாப்பிட்ட?" என்று யாராவது கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும்.

படத்தில் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. அம்மா, கணவன், மகன். இதைப் பெரிய கலை உத்தியாகச் சிலர் எழுதினார்கள். என் மகனுடைய பிரீகேஜி வாட்ஸ்அப் குழுவில் 31 பேர் இருக்கிறோம், ஒருவருக்கும் பெயர் இல்லை. துருவன் அம்மா, இனியா அம்மா, இன்னொரு இனியா அம்மா. இன்னொன்று: அந்த மகன் வேடத்தில் இரட்டையர் இருவர் நடித்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளை வைத்துப் படம் எடுக்கும்போது வழக்கமாகச் செய்வதுதான், ஒருவன் அழுதால் இன்னொருவனை இறக்கலாம். அம்மாவுக்கு மாற்று ஆள் கிடையாது. இதைப் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நாலு நாள் இல்லாத கணவன்

படத்தில் வருகிற கணவன் வேலை காரணமாக வாரத்தில் பெரும்பாலான நாட்கள் வெளியூரில் இருக்கிறான். என் கணவருக்குப் பெங்களூரில் வேலை. வெள்ளி இரவு ரயிலில் வந்து ஞாயிறு இரவு ரயிலில் போவார். அதனால் ஸ்கூட் மெக்நெய்ரி நடித்த அந்தக் கணவனை எனக்கு நன்றாகவே தெரியும். கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், பிள்ளையைக் கொஞ்சுவான். சந்தோஷமாக இருப்பதும் இல்லாததும் நம் கையில்தான் இருக்கிறது என்கிற தினுசில் ஒரு யோசனை சொல்வான். அவள் பளாரென்று ஒன்று வைப்பாள். பார்த்தால் அதுவும் மனசுக்குள்தான். என் வீட்டில் சனிக்கிழமை நடப்பது இது: "நீ போய்ப் படு, நான் குளிப்பாட்டிக்கறேன்." படுப்பேன். "துண்டு எங்க?" சொல்வேன். "இது இல்ல, அவனோட துண்டு." சொல்வேன். "ஏய், சோப்பு கண்ணுல போயிருச்சு, கொஞ்சம் வாயேன்." போவேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை மாமியாரிடம், "நேத்து நான்தான் குளிக்க வெச்சேன்" என்பார். மனசுக்குள் வைத்த அறைகளை எண்ணினால் எனக்கும் ஒரு படம் தேறும்.

படத்தில் ஒரு இடத்தில், தான் கல்யாணம் செய்துகொண்ட பெண் எங்கே போனாள் என்று அவன் கேட்பான். பிரசவத்தில் செத்துப் போனாள் என்பாள் அவள். இந்த ஒரு வரிக்காகவே அந்த இயக்குநரை மன்னிக்கலாம், ஏனென்றால் மன்னிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. பின்பாதியில் படம் எல்லாவற்றையும் வாயால் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. தாய்மை என்பது ஆதி சக்தி, பெண் உடம்பு என்பது மந்திரம் என்று பின்னணிக் குரலில் ஒரே விளக்கவுரை. வால் முளைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டோம், அதற்குப் பொழிப்புரை எதற்கு? அப்புறம் அந்தக் கணவன் திருந்துகிற வேகம். பிரிந்து இருக்கிறார்கள், பிள்ளையைத் தனியாகச் சமாளித்துப் பார்க்கிறான், அவளுடைய கண்காட்சிக்கு வருகிறான், புரிந்துகொள்கிறான், மன்னிப்புக் கேட்கிறான். சேர்ந்துவிடுகிறார்கள். கடைசியில் இரண்டாவது பிரசவம். அந்த இடத்தில் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அமெரிக்காவில் பேறுகால விடுப்பு பற்றித் தெரிந்தால் அவளுடைய தனிமை இன்னும் விளங்கும். மத்திய அரசுச் சட்டம் 1993-இல் வந்தது. 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல், அதுவும் 50 பேராவது வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால். 2024 ஆகஸ்ட் கடைசியில், இந்தப் படம் டொரண்டோ விழாவில் முதன்முதலாகத் திரையிடப்படுவதற்குச் சுமார் பத்து நாள் முன்பு, அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி பெற்றோரின் மன அழுத்தம் பற்றியே ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். பெரும்பாலான நாட்களில் தாங்க முடியாத அழுத்தம் என்று சொன்ன பெற்றோர் 48 சதவீதம், மற்ற பெரியவர்களில் 26. சிகரெட்டுக்கு எச்சரிக்கை வெளியிடுகிற அதே பதவியிலிருந்து. இங்கே 2017 திருத்தத்துக்குப் பிறகு சம்பளத்தோடு 26 வாரம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அது பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்கு. நான் பக்க வடிவமைப்புச் செய்துகொண்டிருந்த அலுவலகத்தில் நாங்கள் எட்டுப் பேர்.

நாய்ப் படுக்கை

இரண்டு வாரம் கழித்து நடந்ததைச் சொல்கிறேன். மகன் அப்போது தூங்கவே மாட்டான். எட்டரைக்குப் படுக்கப் போட்டால் பத்தே முக்கால் வரை தண்ணீர், மூச்சா, மறுபடி தண்ணீர், மின்விசிறிக்கு எத்தனை இறக்கை, நிலாவுக்கு அம்மா யார். ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு நான் பொறுமை இழந்து கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்பது வேண்டாம். அவன் அழவில்லை. என் முகத்தையே பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை தாங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தேன், அப்படியே கையை ஊன்றி மண்டி போட்டேன், வாயில் தானாக ஒரு "லொள்" வந்தது.

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு கட்டிலைவிட்டு இறங்கி, நாலு காலில் நின்று, "லொள்" என்றான்.

படத்தில் இப்படி ஒரு காட்சி உண்டு. தூங்காத மகனுக்கு அவள் ஒரு நாய்ப் படுக்கை போட்டுக் கொடுப்பாள். அவன் அதில் சுருண்டுகொண்டு தூங்கிப்போவான். முதல் தடவை பார்த்தபோது, நல்ல திகில் கதையைக் குழந்தை விளையாட்டாக்கிவிட்டார்களே என்று எரிச்சல்பட்டது அந்த இடத்தில்தான். இப்போது என் சாப்பாட்டு மேசைக்கு அடியில் பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டேன். அவன் ஊர்ந்துபோய், மூன்று சுற்றுச் சுற்றி, மூக்கை முழங்காலில் வைத்துக்கொண்டு படுத்தான். தெருநாய் எப்படிப் படுக்கும் என்பதை எங்கே பார்த்து வைத்திருந்தானோ. ஏழு நிமிடம். தூங்கிவிட்டான்.

நான் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் குரல்செய்தியை நினைத்துக்கொண்டேன். கடிக்கக்கூட இல்லை. யாரைக் கடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன்? தாயைப் பற்றிய திகில் படங்கள் எனக்கு ஒன்றைப் பழக்கியிருந்தன: பிள்ளைக்கு எப்போது ஆபத்து வரும் என்று காத்திருப்பது. ஆஸ்திரேலிய இயக்குநர் ஜெனிஃபர் கென்ட்டின் 'தி பாபடுக்' (2014) அற்புதமான படம். அதில்கூட, தூக்கமில்லாத அந்த விதவைத் தாய் ஆறு வயது மகனை என்ன செய்துவிடுவாளோ என்பதில்தான் நம் மூச்சு நிற்கும். 'ப்ரிவெஞ்ச்' படத்தை அலிஸ் லோவ் நிஜமாகவே பிள்ளை வயிற்றில் இருந்தபோது 11 நாளில் எடுத்தார். அதில் வயிற்றுப் பிள்ளை கொல்லச் சொல்கிறது, இவள் கொல்கிறாள். பிள்ளையிடமிருந்து தாயைக் காக்க வேண்டும், அல்லது தாயிடமிருந்து பிள்ளையை. 'நைட்பிட்ச்' இந்த இரண்டையும் செய்யவில்லை. அவள் நாயான பிறகு மகனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சொல்லப்போனால் அவனுக்கு நாய் அம்மாவைத்தான் பிடித்திருக்கிறது. பொது இடத்தில் இருவரும் தட்டில் வாயை வைத்து லபக் லபக்கென்று தின்கிறார்கள், சுற்றிலும் எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள், பிள்ளை சிரித்துக் கும்மாளமிடுகிறது. பொய் சொல்லும் அம்மாதான் அவனுக்கு அந்நியமாக இருந்திருக்கிறாள். ஹாஷ் பிரவுன் அம்மா. "ரொம்பப் பிடித்திருக்கிறது" அம்மா.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அவளுக்கு ஏதாவது தண்டனை கிடைக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன். கத்துகிற தாய்க்கு, அலுத்துக்கொள்கிற தாய்க்கு, பாலூட்டிக்கொண்டே வேறு எதையோ நினைக்கிற தாய்க்கு ஏதாவது ஆக வேண்டும். ஆகவில்லை என்றதும் படம் புஸ் என்று தோன்றியிருக்கிறது. அவளுக்கு மென்னோனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவுச் சமூகத்தில் வளர்ந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன, தன் அம்மாவுக்கும் இப்படி ஏதோ நேர்ந்திருக்க வேண்டும் என்று படுகிறது. ராத்திரியில் மூன்று நாய்கள் வாசலுக்கு வருகின்றன. பகலில் நூலகத்துப் பாட்டு வகுப்பில் மூன்று அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களை முதலில் அவள் இளக்காரமாகப் பார்ப்பாள், என்னைப் போலவே. நானும் இனியா அம்மாவையும் இன்னொரு இனியா அம்மாவையும் வாசலில் பார்த்தால் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொள்கிறவள்தான். மூன்றும் மூன்றும் ஒன்றா என்று படம் சொல்லாமல் விட்டது அதன் நல்ல காலம்.

மறுநாளும் மேசைக்கு அடியில்தான் தூங்குவேன் என்றான். மூன்றாம் நாள் மாமியார் வந்திருந்தார். ஹாலுக்கு வந்து குனிந்து பார்த்தார். "இதென்ன கண்ணு, பையன நாயாட்டம் படுக்க வெச்சிருக்கற?" "தூங்கறானுங்க அத்தை." "தூங்கறான் சரி. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" வீட்டில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. அதைச் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் ஜமுக்காளத்துக்கு அடியில் ஒரு பஞ்சுத் தலையணை சொருகியிருந்தது. தரை சில்லிடுமாம்.

ஒரு வாரம் வேலை செய்தது. எட்டாவது நாள் நாயாக இருக்க மாட்டேன், ஜேசிபியாக இருப்பேன் என்றுவிட்டான். ஜேசிபி தூங்காது. மறுபடி பத்தே முக்கால்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, நாய் இன்னும் நாயாக இருந்தபோது, அவனை ஏழு நிமிடத்தில் தூங்க வைத்துவிட்டு எழப் பார்த்தேன். என் துப்பட்டாவின் நுனியை வாயில் கவ்விக்கொண்டிருந்தான். இழுத்தால் எழுந்துவிடுவான். சரி என்று நானும் தரையில் சாய்ந்தேன், தலையை மேசைக்கால் பக்கமாக வைத்துக்கொண்டு. மேசைக்கு அடியில் எப்போதோ ஒட்டிய பபிள்கம் ஒன்று கல்லாக இறுகியிருந்தது, இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் அதைப் பார்த்ததே இல்லை. பதினொன்றரைக்குச் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பையை வைத்துவிட்டு ஹால் விளக்கைப் போட்டவர் எங்களைத் தேடி, கடைசியில் குனிந்தார்.

"ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?" என்றார். பிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "நீ நல்லாத்தான இருக்கற?"

நான் பதில் சொல்லவில்லை. பேசினால் பிள்ளை எழுந்துவிடும்.